பதிமூன்றாம் பக்கத்துக் குடை

பிப்ரவரி 3

மச்சானுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். முப்பத்தொரு வருடம் கழித்து நான் சண்டை போடுவதற்காக எழுதவில்லை. உங்கள் தங்கைக்காக எழுதுகிறேன்.

அவளுக்கு மூன்று வருடமாக மறதி. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு தெருவை மறந்தாள், போன ஆவணி வாக்கில் என்னை மறந்தாள். இப்போது என்னை 'சார்' என்று கூப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்தவனுக்கு அது புதிதல்ல, ஆனால் கட்டிய மனைவி கூப்பிடும்போது சாப்பாடு இறங்குவதில்லை. "சார், எங்க வீட்டுக்காரர் வந்தா சொல்லுங்க" என்கிறாள். நான்தான் அவர் என்று சொன்னால் சிரிக்காமல், மரியாதையாக, நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "ரெண்டு குடை புத்தகம் எங்க?" காலையில் கேட்பாள், சாப்பிடும்போது கேட்பாள், பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் பெண்ணிடமும் கேட்பாள். எது என்று உங்களுக்கே புரிந்திருக்கும். 'கரடியின் குடை'தான். நான் கோடு வரைந்து, அவள் வண்ணம் பிரித்துக் கொடுத்து, நீங்கள் அச்சடித்துக் கெடுத்த புத்தகம். அதில் இருப்பது ஒரு கரடி, ஒரு குடை. ரெண்டு குடை கிடையாது. இதையும் மறந்துவிட்டாள்.

டாக்டரிடம் கேட்டேன். பழைய பொருள் ஏதாவது கையில் கொடுத்தால் சில பேருக்கு சில நிமிடம் எல்லாம் திரும்பி வருமாம். சில நிமிடம் போதும். என் பெயரை ஒரு தடவை சொன்னால் போதும் எனக்கு.

உங்களிடம் ஒரு பிரதி இருந்தால் தபாலில் அனுப்பி வையுங்கள். இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.

மாப்பிள்ளை.


பிப்ரவரி 14

மாப்பிள்ளைக்கு,

உறையைப் பிரிக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன் என்பது உண்மைதான். மூன்றாம் நாள் பிரித்தேன். பிரித்துவிட்டு அன்று முழுக்க மெஷினில் ஏறவில்லை.

சிட்டுவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று மூன்று வருடம் கழித்துச் சொல்கிறீர்கள். கோபப்படத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன் போட்டு நீங்கள் கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் காதில் விழுந்திருக்காது. ஐம்பது வருடம் மெஷின் சத்தம் கேட்ட காதுக்கு, இப்போது யார் பேசினாலும் மெஷின் சத்தம்தான் கேட்கிறது. கடிதம்தான் நமக்குச் சரி. பதிலுக்குப் பதில் கத்த முடியாது, ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

பிரதி ஒன்றும் என்னிடம் இல்லை. எப்படி இருக்கும்? ஆயிரம் பிரதியையும் வண்டி வைத்து ஏற்றிப் பழைய பேப்பர் கடையில் கொட்டியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. என் அச்சக வாசலில் நின்று "இதுல என் பேர் இருக்கு, ஒரு பிரதி வெளிய போகக் கூடாது" என்று நீங்கள் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. அப்போது எனக்குக் காது நன்றாக இருந்தது.

சிட்டு ஒன்று எடுத்து வைத்திருந்தாளே? புடவை மடிப்பில் மறைத்துக் கொண்டுபோனதை நான் பார்த்தேன். அது எங்கே?

இன்னொரு விஷயம். படம் அச்சடித்த பிளாக்குகள் இருக்கின்றன. சிவப்பும் நீலமும் என்னிடம். அவள் தீட்டிய தாள்களை வைத்துச் செய்தவை, அதனால் எறிய மனம் வரவில்லை. பழைய டிரங்குப் பெட்டியில் போட்டு மேலே நான் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். கறுப்புப் பிளாக்குகளை 'என் கோடு' என்று சொல்லி நீங்கள் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போனீர்கள். அவை இருக்கின்றனவா? இருந்தால் அனுப்புங்கள். ஒரே ஒரு பிரதி அடித்துவிடலாம்.

சீக்கிரம் அனுப்புங்கள். கட்டடக்காரர் ஏப்ரல் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மெஷினை இரும்புக் கடைக்காரர் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பொண்ணு பார்க்க வந்த மாதிரி பல்லைப் பார்த்தார், காலைப் பார்த்தார், முடிந்துவிட்டது.

சிட்டுவிடம் அண்ணன் கேட்டதாகச் சொல்லுங்கள். தெரியாது என்பாள். பரவாயில்லை, சொல்லுங்கள்.

அன்புடன்,
மச்சான்.


பிப்ரவரி 22

மச்சானுக்கு,

கறுப்புப் பிளாக்குகள் இருபத்துநான்கையும் துணியில் சுற்றி மரப்பெட்டியில் அடைத்து அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்துப் பிளாக்கில் மட்டும் அடிக்கட்டை கொஞ்சம் உளுத்திருக்கிறது. கவனமாக மெஷினில் பூட்டுங்கள்.

அவள் வைத்திருந்த பிரதி வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது. பழைய கதை, விடுங்கள்.

அண்ணன் கேட்டார் என்று சொன்னேன். "எங்க அண்ணன் பிரஸ் வச்சிருக்கார்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆனால் அதையாவது சொன்னாள். என்னைப் பற்றி அப்படி ஒரு வாக்கியம்கூட வரவில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தாள் முக்கியம். கடையில் புதிதாக வந்த குழந்தைப் புத்தகம் ஒன்றை, கரடி படம் போட்டது, வாங்கி வந்து கையில் கொடுத்தேன். பக்கத்தை விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். "வழுக்குது சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. அந்தத் தாளில் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் படமே தெரியவில்லை. கரடிக்கு முடியெல்லாம் பளபளவென்று எண்ணெய் தடவின மாதிரி இருக்கிறது. நான் வரைந்த கரடிக்கு முடி எண்ணலாம்.

செய்தித்தாளைக் கொடுத்தாலும் அப்படித்தான் தேய்த்துப் பார்க்கிறாள். கட்டிய துணியைக்கூடத் தேய்க்கிறாள். விரல் அந்தத் தாளைத்தான் தேடுகிறது என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பதிமூன்றாம் பக்கம். மழையில் கரடி குடையை விரிக்கும் படம். இந்தத் தடவையாவது சிவப்பு என் கோட்டுக்குள் இருக்கட்டும். மறுபடியும் ரெண்டு விரல் நகர்ந்து நடுத்தெருவில் போய் நிற்க வேண்டாம். அவள் பார்க்கப்போவது கடைசித் தடவையாக இருக்கலாம். சரியாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை.


மார்ச் 5

மாப்பிள்ளைக்கு,

பெட்டி வந்தது. பிரித்து ஒவ்வொன்றாகத் துடைத்து மேஜையில் அடுக்கினேன். முக்கால்வாசிப் பக்கத்தில் எங்காவது ஒரு ஜன்னலில் ஒரு பூனையை உட்கார வைத்திருக்கிறீர்களே, கதைக்குச் சம்பந்தமே இல்லாமல், அதை எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு இருக்கிறது. அந்தக் காலத்தில் சிட்டு பத்தொன்பது என்பாள். எங்கேயோ ஒன்றை விட்டுவிட்டேன்.

நீங்கள் மனிதரை வரைந்தால் கட்டை மாதிரி நிற்பார், மாப்பிள்ளை. ஆனால் மிருகம் வரைய உங்களை விட்டால் ஆள் கிடையாது. இதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

தாளுக்கு வருகிறேன். ஊரில் இருக்கும் ஒரு கடை பாக்கி வைக்காமல் ஏறி இறங்கினேன். பழுப்பாக, கெட்டியாக, வைக்கோல் துணுக்கு தெரிகிற மாதிரி ஒரு தாள் வேண்டும் என்றால், "அதெல்லாம் யாரு பெரியவரே இப்போ போடுறா" என்கிறார்கள். ஒருவன் பொட்டலம் மடிக்கும் தாளைக் காட்டினான். அதுகூட வழுவழு.

களைத்துப்போய் வீட்டுக்கு வந்து சட்டையை மாற்ற அலமாரியைத் திறந்தேன். உள்ளே அடியில் விரித்திருந்தது அந்தத் தாள்தான். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் மிச்சம் விழுந்ததை என் வீட்டுக்காரி அலமாரித் தட்டெல்லாம் விரித்து வைத்தாள். அவள் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, யாரும் எடுத்துப் போடவில்லை. வேட்டி, துண்டு, போர்வை எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிவிட்டு ஒவ்வொரு தட்டாக உருவினேன். வெளிச்சம் பட்ட ஓரமெல்லாம் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. துணிக்கு அடியில் இருந்தது மட்டும் அப்படியே இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெயும் மையும் இன்னும் கொஞ்சம் வருகிறது. அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.

நல்ல தாள் ஏழு தேறியது. இருபத்துநான்கு பக்கத்துக்கு ஆறு வேண்டும். ஒன்று உபரி. தப்புச் செய்ய எனக்கு ஒரே ஒரு தாள் அளவுதான் சலுகை. அதனால் முதலில் வெறும் தாளில் நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதைத் தொடுவேன்.

சிவப்பு என்ன சிவப்பு என்று எழுதுங்கள். மை கலக்கிய டப்பா இல்லை. எனக்குத் தக்காளிச் சிவப்பு என்று ஞாபகம்.

மச்சான்.


மார்ச் 12

மச்சானுக்கு,

தக்காளி இல்லை. செங்கல். அதுவும் மழையில் நனைந்த செங்கல். தக்காளி போட்டால் கரடி கடைக்குப் போய்க் காய் வாங்கி வந்த மாதிரி இருக்கும்.

நான் சொல்வது சரியா என்று யாரிடம் கேட்பது? நான் செய்தது கறுப்புக் கோடு மட்டும்தான். வண்ணம் எல்லாம் அவள். என் படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, சிவப்பு வர வேண்டிய இடத்தை ஒரு தாளில், நீலம் வர வேண்டிய இடத்தை இன்னொரு தாளில் தீட்டுவாள். பிளாக் எடுப்பதற்காக எல்லாவற்றையும் கறுப்பு மையால்தான் தீட்ட வேண்டும். ஐந்து மாதம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து சிவப்பையும் நீலத்தையும் கறுப்பாகவே தீட்டினாள். எந்தச் சிவப்பு என்பது அவள் மண்டைக்குள்தான் இருந்தது. உங்களிடம் வந்து வாயால் சொல்லியிருப்பாள். இப்போது கேட்டால் "சிவப்பு சிவப்புதான் சார்" என்கிறாள்.

உங்கள் இஷ்டம். செங்கலுக்கும் தக்காளிக்கும் நடுவில் ஏதாவது செய்யுங்கள்.

அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். போன வாரத்திலிருந்து அவள் எழுந்து நடப்பதில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறோம். பேச்சு குறைந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலைந்து வாக்கியம். அதில் இரண்டு புத்தகத்தைப் பற்றியது. நேற்று நர்ஸிடம், "மழை வந்தா சொல்லு, எனக்குத் தனியா குடை இருக்கு" என்றிருக்கிறாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிளாக்கைச் சட்டத்தில் பூட்டும்போது அது நகராமல் ஆப்பை இறுக்குங்கள்.

மாப்பிள்ளை.


மார்ச் 27

மாப்பிள்ளைக்கு,

முடிந்தது. இத்துடன் பார்சலில் வருகிறது.

மூட்டு இரண்டும் போய்விட்டது. காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மெஷினில் எழுபத்தைந்து வயதில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நான் அவருக்கு நாற்பது வருடமாக மருந்துச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தவன், அதனால் அதிகம் திட்டவில்லை.

நீலம் ஒரு நாள், சிவப்பு மூன்று நாள், கறுப்பு மூன்று நாள். பதிமூன்றாம் பக்கத்துக்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஆனது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். குடையின் கம்பி நுனிவரைக்கும் சிவப்பு போய் நிற்கிறது, ஒரு மயிரிழை தாண்டவில்லை. இதைவிடச் சரியாக எந்த ஊர் மெஷினிலும் அடிக்க முடியாது. முப்பத்தொரு வருடமாக இந்த ஒரு பக்கத்துக்காக என்னைத் தொழில் தெரியாதவன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது பாருங்கள் மாப்பிள்ளை, நன்றாகப் பாருங்கள்.

புத்தகம் தைக்க நூலும் நானே கோத்தேன். பக்கங்களின் முனை கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, வேண்டுமென்றேதான். அந்தத் தாளுக்கு முனை கூராக நிற்காது, அன்றைக்கும் நிற்கவில்லை.

அட்டையில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது, பழைய பிளாக்கில் இருந்தபடியே. இன்னொரு பெயருக்கும் எழுத்துக் கோக்க நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஏழாவது தாள் மிச்சம் இருக்கிறது. தப்பே செய்யவில்லை பாருங்கள்.

அவள் என்ன சொன்னாள் என்று உடனே எழுதுங்கள்.

மச்சான்.


ஏப்ரல் 4

மச்சானுக்கு,

ஒன்று விடாமல் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிய வேண்டும்.

காலையில் நர்ஸ் அவளைச் சாய்த்து உட்கார வைத்தது. நான் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். சிரிக்காதீர்கள். புத்தகத்தை அவள் மடியில் வைத்தேன்.

முதலில் விரலால் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள். மூன்று வருடத்தில் நான் பார்க்காத ஒன்று அவள் முகத்தில் வந்தது. "அண்ணன் பிரஸ்" என்றாள். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தைத் திருப்பினாள். "பூனை" என்றாள். அடுத்த பக்கம், "பூனை." செருப்புத் தைப்பவர் கடையில் கரடி நிற்கும் படத்தில், உங்களுக்கும் கிடைக்காத அந்தப் பத்தொன்பதாவது பூனையைக் கதவிடுக்கில் விரல் வைத்துக் காட்டினாள். அதன் வால் மட்டும்தான் தெரியும். அதை வைத்தது எனக்கே மறந்துபோயிருந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். இதோ சொல்லப்போகிறாள் என்று நின்றேன். சத்தியமாக, வாயைத் திறந்தாள்.

பிறகு குனிந்து வேகமாகத் திருப்பினாள். எதையோ தேடிக்கொண்டு போகிறவள் மாதிரி. பதிமூன்றாம் பக்கத்தில் நின்றாள். குடை மேல் விரல் வைத்து, "ஒண்ணு" என்றாள். விரலை வலது பக்கம் நகர்த்தினாள். அங்கே வெறும் தெருதான் இருக்கிறது. மறுபடியும் "ஒண்ணு" என்றாள். மறுபடியும் நகர்த்தினாள். அப்படி ஐந்தாறு தடவை. "இன்னொண்ணு எங்க?" என்று கேட்டாள். நான் ஒரு குடைதான் என்றேன். இந்த நிலைமையிலும் அவளைத் திருத்தினேன்.

புத்தகத்தை மூடி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். "இது வேற புத்தகம் சார். உங்களுது" என்றாள். அதற்குப் பிறகு மூன்று நாளாகிறது, புத்தகத்தைக் கேட்கவே இல்லை. எதையும் கேட்கவில்லை.

அவள் வைத்திருந்த பிரதி தொலைந்துபோனது என்று எழுதினேன். பொய். வீடு மாறும்போது தையல் மெஷின் இழுப்பறையில் பார்த்தேன். பதிமூன்றாம் பக்கம் மட்டும் கைபட்டுக் கைபட்டுக் கறுத்திருந்தது. யாராவது பார்த்தால் என் வேலையைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். ஒரு மாதம் வீடு முழுக்கத் தேடினாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். பெட்டியெல்லாம் நகர்த்திக் கொடுத்தேன்.

எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவள் ஏன் இரண்டு என்கிறாள்?

மாப்பிள்ளை.


ஏப்ரல் 10

மாப்பிள்ளைக்கு,

உங்கள் முதல் கடிதத்திலேயே 'ரெண்டு குடை' என்று படித்ததும் எனக்குத் தெரியும். என்ன கேட்கிறாள் என்று தெரிந்துகொண்டுதான் நான் சரியாக அடித்து அனுப்பினேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். சிட்டுவிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். இனி அவள் என்னைப் பிடித்துக் கேட்கப்போவதில்லை.

சிவப்பு ஓடியபோது ஆப்பு தளர்ந்து பிளாக் நகர்ந்துவிட்டது. அது என் தப்புதான். கறுப்பு ஏறிய முதல் தாளிலேயே தெரிந்துவிட்டது. கறுப்பைத் தள்ளிப் பூட்டினால் கால் மணி நேரத்தில் சரியாகியிருக்கும். ஆப்பைத் திருகும் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். சிட்டு அன்றைக்குத் தாள் அடுக்கிக் கொடுக்க வந்திருந்தாள். அந்த முதல் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கரடி தலைக்கு மேலே கோடு மட்டும் போட்ட ஒரு வெள்ளைக் குடை. அதற்குப் பக்கத்தில் கோடே இல்லாமல் சிவப்பாக இன்னொரு குடை, அடியில் யாரும் இல்லை.

"அண்ணா, இருக்கட்டும். மாத்தாத" என்றாள். "மாப்பிள்ளை கொன்னுடுவாரு" என்றேன். "அவர் குடையில அவர் நிக்கட்டும். இது நான் போட்ட சிவப்பு. இது எனக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஐந்து மாதம் கண் வலிக்க வேலை செய்தவள், அட்டையில் உங்கள் பெயர் மட்டும் வந்ததற்கு ஒரு வார்த்தை பேசாதவள். நான் சாவியைக் கீழே வைத்துவிட்டு ஆயிரமும் அப்படியே ஓட்டினேன். நீங்கள் வந்து கத்தியபோது அவள் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். தொழில் தெரியாதவன் என்ற பேரோடு இருந்துவிட்டேன்.

அவ்வளவு வருடம் பொறுத்தவனுக்குக் கடைசியில் ஒரு சபலம். என்னால் சரியாக அடிக்க முடியும் என்று உங்களுக்குக் காட்ட வேண்டும். நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள். அவள் கேட்டதை இரண்டு பேருமே விட்டுவிட்டோம். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது, தாளைத் தொட்டால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏழாவது தாள் இருக்கிறது. மெஷின் இருபத்துமூன்றாம் தேதி போகிறது. சொல்லுங்கள்.

மச்சான்.


ஏப்ரல் 15

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை அனுப்பவில்லை. நீங்கள் செய்ததை நான் மன்னிக்கவில்லை என்று அதில் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், யாரை மன்னிக்காமல் இருப்பது என்று குழம்பிவிட்டது.

அடித்து அனுப்புங்கள். அன்றைக்கு எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவே நகரட்டும்.

அவள் இப்போது கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். விழுங்குவது கஷ்டமாகிவிட்டது. சீக்கிரம்.

மாப்பிள்ளை.


ஏப்ரல் 24

மாப்பிள்ளைக்கு,

இத்துடன் ஒரே ஒரு ஏடு. இரு அட்டைக்கு நடுவில் வைத்திருக்கிறேன், மடித்துவிடாதீர்கள்.

ஏழாவது தாளை இரண்டாக வெட்டினேன். முதல் பாதி போய்விட்டது. வேண்டுமென்றே தப்பாக அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. அன்றைக்குத் தானாக நகர்ந்தது, இப்போது ஆப்பைத் தளர்த்திவிட்டு எத்தனை தடவை மிதித்தாலும் நகரவில்லை. கடைசியில் கையால் தள்ளி, நான் ஞாபகம் வைத்திருந்த அளவுக்கு, இரண்டு விரலுக்குக் கொஞ்சம் குறைவாக, பூட்டினேன். சிட்டுவின் இரண்டு விரல், என்னுடையது இல்லை. அவள் விரல் வைத்துத்தான் அன்றைக்கு அளந்தாள்.

அந்த மெஷினில் கடைசியாக ஓடியது இதுதான். மறுநாள் காலையில் இரும்புக் கடைக்காரர்கள் நான்கு பேர் வந்து சுத்தியலால் உடைத்துத்தான் வெளியே எடுத்தார்கள், வாசல் பத்தவில்லை. தரையில் நான்கு கால் பதிந்த குழி இருக்கிறது. நானும் வெளியே வந்துவிட்டேன்.

நான் வந்து பார்க்கட்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. இந்தக் கால்களை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பயணம் முடியாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கிறது.

மச்சான்.


மே 6

மச்சானுக்கு,

ஏடு இரண்டாம் தேதி வந்தது. அட்டை நனையவில்லை. நிறம் செங்கலும் இல்லை தக்காளியும் இல்லை. பார்த்ததும் இதுதான் அது என்று எனக்கே தெரிந்தது.

அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கமாகப் போய் நின்று பிடித்தேன். பார்வை அதன் வழியாகப் போய்விட்டது. கையில் வைத்து விரலை மடக்கிவிட்டேன். கட்டைவிரல் ஒருமுறை தேய்த்தது. இன்னொரு முறை தேய்க்கும் என்று மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து, "போதும் சார், கை வலிக்கும் அவங்களுக்கு" என்று மெதுவாக எடுத்துவிட்டது. இப்போது அதுவும் என்னை சார் என்கிறது. இந்த வீட்டில் நான் வாத்தியாராகத்தான் இருக்கப்போகிறேன் போலிருக்கிறது.

நேற்றும் காட்டினேன். இன்றும் காட்டினேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் படம் காட்டி அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எழுதி வைத்துவிட்டும் போனார்.

வர வேண்டாம் மச்சான். உங்கள் கால் காரணம் இல்லை. வந்து பார்க்க ஒன்றும் இல்லை. நான் சொன்னதாகவே இருக்கட்டும்.

இன்று சாயங்காலம் அந்த ஏட்டை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வரைந்த குடையில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கிறது. கரடியே கொஞ்சம் குறுகித்தான் நிற்கிறது. பக்கத்தில் அந்தச் சிவப்பு தாராளமாக விரிந்திருக்கிறது. அடியில் யாரும் இல்லை. முப்பத்தொரு வருடமாக அதை அச்சுப் பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பென்சிலைச் சீவினேன். அவளை அங்கே நிற்க வைத்துவிடலாம் என்று நினைத்தேன், அந்த வயதில் இருந்த மாதிரி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தீட்டிக்கொண்டிருந்த அந்த ஐந்து மாதத்தில் இருந்த மாதிரி.

கால் வந்தது. புடவை வந்தது. அதற்குமேல் வரவில்லை. பதினெட்டோ பத்தொன்பதோ பூனை வரைந்தவன், இத்தனை வருடம் கூட இருந்தும் அவளை ஒரு தடவைகூட வரைந்ததில்லை. கூடவே இருக்கிறவளை எதற்கு வரைவது என்று இருந்துவிட்டேன். கட்டிலில் இருக்கும் முகத்தைப் பார்த்தால் அந்த முகம் கிடைக்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

ஒரு உதவி செய்யுங்கள். அவள் சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். எந்தக் கன்னம் என்று எழுதுங்கள். நான் இடது என்று நினைக்கிறேன். சரியாகத் தெரியவில்லை.

மாப்பிள்ளை.